நாடகம் படிக்க 17 லட்சம் செலவு செய்யலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் திண்டுக்கல்லில் இருக்கிறோம். ஒரே மகள். அரசுப் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நாடகம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வெளிமாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்துகலை பட்டப்படிப்பு இருக்கிறதாம். விடுதியும் சேர்த்து மூன்று வருடத்துக்கு 17 லட்சம். அதில் 15 லட்சத்துக்கு வங்கிக் கடன் வாங்கித் தருகிறேன், வட்டிக்கு வரிச்சலுகையும் உண்டு என்கிறார் ஒரு ஏஜென்ட். வெள்ளிக்கிழமைக்குள் 25,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொல்கிறார். வீட்டுக்காரர் அரசுப் பேருந்தில் நடத்துநர், வயது 51. பிடித்தம் போக 38,000 வருகிறது. நான் வீட்டிலேயே தைக்கிறேன், மாதம் 12,000 கிடைக்கும். வங்கியில் 6 லட்சம் டெபாசிட் இருக்கிறது. செல்வமகள் கணக்கில் 2015-லிருந்து மாதம் 2,500 கட்டி, இப்போது 5 லட்சம் சொச்சம் சேர்ந்திருக்கிறது. தபால் நிலையத்தில் மாதம் 3,000 ஆர்.டி. கட்டி வந்தோம், போன மாதம்தான் முடிந்தது. அந்தப் பணமும் அந்த 6 லட்சத்தில் சேர்த்திதான். 18 பவுன் நகை உண்டு. சொந்த வீடு, கடன் இல்லை. கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்துதானே பசுபதி, விஜய் சேதுபதி எல்லாம் வந்தார்கள் என்று பாப்பா கேட்கிறாள். வீட்டுக்காரருக்கோ, நாடகம் படித்து என்ன சம்பாதிக்க முடியும் என்று கவலை. நாங்கள் என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் மகள் நாடகம் படிக்கட்டும். அந்த 17 லட்சம் படிப்பு மட்டும் வேண்டாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவள் ஆசைப்படுவது நாடகத்துக்கு. ஏஜென்ட் விற்பது ஒரு கடனை.

முதலில் அந்தக் கடன் கணக்கைப் பார்த்துவிடுவோம். வருடத்துக்கு 5 லட்சமாக மூன்று வருடத்தில் 15 லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். நான்காவது வருட முடிவில் வட்டி மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் ஆகிவிடும். ஆக, திருப்பிக் கட்டத் தொடங்கும்போது கடன் 20 லட்சம். பத்து வருடத்தில் அடைப்பதானால் மாதத் தவணை 27,500 ரூபாய்க்கு மேல் வரும். அப்போது உங்கள் கணவருக்கு 55 வயது. உங்கள் இருவரின் இன்றைய வருமானமே 50,000தான், அதில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். கடனைக் கட்டி முடிக்கும் முன்பே அவர் ஓய்வுபெற்றிருப்பார்.

இன்னொன்றையும் ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும். உங்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் அந்த வீடாகத்தான் இருக்கும். மத்திய அரசின் வித்யாலட்சுமி திட்டத்தில் ஈடில்லாமல் கொடுக்கிறார்கள், வருட வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு. ஆனால் அது பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும், அங்கும் தகுதி அடிப்படையில் இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அது கிடையாது. வரிச்சலுகை என்கிறாரே, கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிக் கழிவைச் சொல்கிறார். அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கானது. அதை விடுங்கள், உங்கள் கணவரின் சம்பளத்துக்குப் புதிய முறையில் வருமான வரியே வராது. இல்லாத வரிக்கு என்ன சலுகை?

சரி, இனி படிப்புக்கு வருவோம்.

நாடகத்தை இளநிலைப் பட்டமாகவே சொல்லித்தரும் அரசு சார்ந்த இடங்கள் நம் பக்கத்தில் மிகக் குறைவு. உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது திருச்சூர். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடக, நுண்கலைப் பள்ளி அங்கே அரணாட்டுகரையில் 1977-லிருந்து நடக்கிறது. ஜி.சங்கரப்பிள்ளை அதன் முதல் இயக்குநர். நம் பேராசிரியர் சே.இராமானுஜம் அங்கே பணியாற்றிவிட்டுத்தான் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஆகவே தமிழ் நாடகத்துக்கு அது அந்நிய இடம் இல்லை. பி.டி.ஏ. என்ற நாடகக் கலை இளநிலைப் பட்டம் அங்கே உண்டு. வெறும் மார்க்கை வைத்து எடுக்க மாட்டார்கள், தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள், இடங்களும் குறைவு. பாடமும் ஒத்திகையும் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். இப்போதிருந்தே மகள் மலையாள எழுத்துகளைப் படிக்கத் தொடங்கட்டும், திண்டுக்கல் பெண்ணுக்கு அது பெரிய விஷயமில்லை. போய்வரவும் சிரமமில்லை. பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகப் போகிற அமிர்தா எக்ஸ்பிரஸ் திண்டுக்கல்லிலும் நிற்கிறது, திருச்சூரிலும் நிற்கிறது.

பொதுப் பல்கலைக்கழகம் என்பதால் அங்கே கட்டணம் உங்களைச் சாய்க்காது. செலவெல்லாம் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும்தான். அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஒத்திகை ராத்திரி எத்தனை மணிக்கு முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளிக்கு அருகிலேயே தங்க இடம் வேண்டும். ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று ஊருக்கு வெளியே அறை பார்த்தால், அந்த ஆயிரம் ஆட்டோவுக்குப் போவதோடு உங்கள் தூக்கமும் போய்விடும். தங்கவும் சாப்பிடவும் மாதம் 8,000, கட்டணம், பயணம், அரங்கேற்றச் செலவு எல்லாவற்றுக்கும் மாதம் 2,000 என்று நான் போடுகிறேன். வருடத்துக்கு 1,20,000. கேரளத்தில் இப்போது நான்காண்டு இளநிலைப் படிப்பு வந்துவிட்டதால் நான்கு வருடத்துக்கே திட்டமிடுங்கள், மொத்தம் 4,80,000.

மாதம் தேவைப்படும் அந்தப் பத்தாயிரத்தில் பாதியை உங்கள் மாத வருமானத்திலிருந்தே எடுக்கலாம். ஆர்.டி. முடிந்துவிட்டதால் 3,000 ரூபாய் கையில் நிற்கிறது, புதிதாக ஆர்.டி. தொடங்க வேண்டாம். செல்வமகள் கணக்கில் கட்டும் 2,500-ஐ 500 ஆகக் குறைத்தால் இன்னொரு 2,000. அந்தக் கணக்கு உயிரோடு இருக்க வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே போதும். மீதிப் பாதி டெபாசிட்டிலிருந்து வரட்டும். வருடத்துக்கு 60,000, நான்கு வருடத்துக்கு 2,40,000.

செல்வமகள் கணக்கிலேயே எடுக்கலாமே என்று தோன்றும். பெண்ணுக்கு 18 வயது ஆனாலோ, பத்தாம் வகுப்பு முடித்தாலோ, மேற்படிப்புக்காக முந்தைய நிதியாண்டு இறுதி இருப்பில் பாதி வரை எடுக்கலாம் என்பது விதி. ஆனால் கல்லூரி கொடுக்கும் கட்டணச் சீட்டில் எவ்வளவு போட்டிருக்கிறதோ அவ்வளவுதான் எடுக்க முடியும். திருச்சூரில் கட்டணம் குறைவு, அதனால் எடுக்கக் கூடியதும் குறைவு. எடுக்காமலே விடுங்கள். இன்றைக்கு வட்டி 8.2 சதவீதம், அதற்கு வரி கிடையாது. இதே வட்டி நீடித்தால், இப்போதிருக்கும் 5 லட்சமே 2036-ல் கணக்கு முதிரும்போது 11 லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும். உங்கள் கையில் இருப்பதிலேயே நல்ல வட்டி தரும் பணம் அதுதான். மகளுக்கு 18 முடிந்ததும் கணக்கை அவளே நடத்தும்படி தபால் நிலையத்தில் ஆவணம் கொடுத்து மாற்ற வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

டெபாசிட்டில் 2,40,000 போனால் 3,60,000 மிஞ்சும். இந்தக் கடிதத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்தப் பணத்தைப் பற்றித்தான்.

அந்த 3,60,000 படிப்புக்கானது இல்லை. படிப்பு முடிந்த மறுநாளிலிருந்து மூன்று வருடத்துக்கானது. மாதம் 10,000 வீதம் 36 மாதம்.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு குடும்பத்தில் மகன் நாடகக்காரர். சென்னையில் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் தன் வரவு செலவு நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்கம். ஜனவரியில் பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் இயக்கியதற்கு 22,000. பிப்ரவரியில் இரண்டு பட்டறை, 9,000. ஏப்ரலில் பூஜ்யம். மே மாதம் கோடை முகாம், 18,000. ஜூன், ஜூலை இரண்டிலும் பேனாவால் ஒரு கோடு மட்டும். ஆகஸ்டில் ஒரு விளம்பரப் படத்தில் ஒரு நாள் வேலை, 7,000, கைக்கு வந்தது நவம்பரில். அந்தக் கோடு போட்ட இரண்டு மாதமும் அவர் சும்மா இருக்கவில்லை, தினமும் எட்டு மணி நேரம் ஒத்திகையில் இருந்திருக்கிறார். அந்த நாடகம்தான் அவருக்கு அடுத்த வருடத்து வேலை முழுவதையும் கொண்டுவந்தது. ஜூன் மாத வாடகைக்கு வழியில்லாமல் அவர் ஒரு கால் சென்டரில் சேர்ந்திருந்தால், அந்த நாடகத்தில் இருந்திருக்க முடியாது. வாடகையைக் கொடுத்தது அவருடைய அம்மா எடுத்துவைத்திருந்த பணம்.

நாடகத் துறையில் பிள்ளைகள் பெரும்பாலும் படிக்கும்போது விழுவதில்லை, படித்து முடித்த இரண்டாவது வருடத்தில் விழுகிறார்கள். பெற்றோர் கையில் இருந்ததை எல்லாம் கட்டணத்துக்கே கொட்டிவிட்டதால், பிள்ளைக்குக் கொஞ்ச நாள் தேவைப்படும் நேரத்தில் கொடுக்க எதுவும் இருக்காது. விஜய் சேதுபதியைச் சொன்னீர்கள். அவர் கூத்துப்பட்டறையில் கணக்காளராகவும் இருந்தவர். சின்னச் சின்ன வேடங்களைக் கடந்து 2010-ல் கதாநாயகனாக முதல் படம் வந்தபோது அவருக்கு வயது 32. திறமை அதற்கு முன்பும் அவரிடம் இருந்தது. இடையில் சோறு போட அவருக்குக் கணக்கு வேலை கைகொடுத்தது. உங்கள் மகளுக்கு அந்த இடைக்காலத்துக்கு இந்த 3,60,000 இருக்கட்டும்.

இந்த ஏற்றஇறக்கம் உங்கள் ஊருக்குப் புதிதில்லை. திண்டுக்கல், மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று உங்கள் கணவருக்கே தெரிந்திருக்கும். கோயில் திருவிழா மாதங்களில் ஊர் ஊராகப் போய், ராத்திரி முழுக்க ஆடி, விடியற்காலைப் பேருந்தில் அரிதாரம் சரியாகக் கலையாத முகத்தோடு ஊர் திரும்புகிறவர்களுக்கு அவரே டிக்கெட் கிழித்துக் கொடுத்திருப்பார். அவர்களுக்குச் சீசனில் கை நிறைய வரும், மழைக்காலத்தில் ஒன்றும் வராது. சீசன் பணத்தைப் பன்னிரண்டு மாதமாகப் பங்கு போடத் தெரிந்தவர்கள் கௌரவமாக வாழ்கிறார்கள். மகளை ஒரு நாள் அங்குள்ள நாடக நடிகர் சங்கத்துக்கு அழைத்துப் போய், வயதான நடிகை ஒருவரிடம் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

அப்புறம், நாடகம் என்றால் நடிப்பு மட்டும் இல்லை. ஒளியமைப்பு, ஒப்பனை, உடை, மேடை நிர்வாகம் எல்லாமே படிப்புக்குள் வரும். நடிப்புக்கு முன்னால் இவற்றில்தான் காசு வரத் தொடங்கும். நடிக்க நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, விளக்கை எங்கே தொங்கவிட வேண்டும் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் இருப்பார்கள். உங்கள் மகள் உங்கள் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பெண். இடுப்பளவு எடுக்கவும் துணியைக் குறுக்கே வெட்டினால் எப்படி விழும் என்று பார்க்கவும் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மேடை உடையில் அவள் கவனம் வைத்தால், எந்த நாடகக் குழுவிலும் அவளுக்கு வேலை இருக்கும். போகும்போது உங்கள் பழைய கத்தரிக்கோலையும் அளவு டேப்பையும் கொடுத்தனுப்புங்கள்.

திருச்சூரில் இடம் கிடைக்காவிட்டால்? நாடகப் பட்டம்தான் வேண்டும் என்று 17 லட்சத்துக்குத் திரும்பிவிடாதீர்கள். தமிழ்நாட்டிலேயே அரசுக் கல்லூரி ஒன்றில் தமிழோ ஆங்கிலமோ பி.ஏ. படிக்கட்டும். அரசுப் பள்ளி மாணவி என்பதால் இங்கே சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சென்னையிலோ மதுரையிலோ ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து, மாலையிலும் விடுமுறையிலும் வேலை கற்கட்டும். ஆடிய ஒவ்வொரு நாடகத்துக்கும் அழைப்பிதழ், புகைப்படம், குழுவின் கடிதம் மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வைக்கட்டும். டெல்லியில் 1959-ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருடப் படிப்புக்கு ஏதாவது ஒரு பட்டமும், குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்கிறார்கள். அங்கே இடம் கிடைத்தால் மாணவர்களுக்கு மாத உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைக்கிறார்கள். இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு வேண்டும், போட்டி கடுமைதான். அது முடியாவிட்டால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் உள்ள நிகழ்கலைப் பள்ளியில் முதுநிலை நாடகப் படிப்பு இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி முதலில் தலைமையேற்று நடத்திய இடம் அது. இந்த வழியில் வருடங்கள் கூடும், ஆகவே செலவுக் கணக்கை அப்போது மறுபடியும் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கோப்பு இன்னொன்றுக்கும் பயன்படும். 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாச்சார அமைச்சகம் மாதம் 5,000 வீதம் இரண்டு வருடம் உதவித்தொகை கொடுக்கிறது, நாடகமும் அதில் உண்டு. ஐந்து வருடப் பயிற்சி பெற்றதற்குச் சான்று கேட்பார்கள். இன்றைக்கே தேதி போட்டு எழுதத் தொடங்கினால்தான் 23 வயதில் காட்ட ஏதாவது இருக்கும்.

டெபாசிட்டை எப்படிப் பிரிப்பது? முதல் வருடத்துக்கான 60,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மற்ற மூன்று 60,000-ஐ ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று தனித்தனி டெபாசிட்டாகப் போடுங்கள், ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒன்று முதிரட்டும். 3,60,000-ஐ நான்கு வருடத்துக்கு, உங்கள் பெயரும் மகள் பெயரும் சேர்த்துப் போடுங்கள். பெயர் அதில் இருக்கிறது என்று அவளிடம் சொல்லியும் விடுங்கள். படிப்புக்குப் பின் மூன்று வருடம் முடியும்போது மூவரும் உட்கார்ந்து அவளுடைய வரவு நோட்டைப் பார்க்க வேண்டும் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். கெடு என்று சொல்லாதீர்கள், கணக்குப் பார்க்கும் நாள் என்று சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்கு வேலைக்காலம் முடியும் வரையாவது 25 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசி, அதாவது ஆயுள் காப்பீடு, இருக்க வேண்டும். இந்தத் திட்டம் முழுவதும் அவர் சம்பளத்தின் மேல்தான் நிற்கிறது. மகளுக்கு 18 ஆனதும் வங்கியில் வருடம் 20 ரூபாய் கட்டி பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேருங்கள், 2 லட்சத்துக்குக் கிடைக்கும். மேடையில் பரண் மீது ஏறி விளக்கு கட்டுகிற பிள்ளைக்கு அது வேண்டும்.

நகையை அடகு வைக்க வேண்டிய தேவை இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை, பார்த்தீர்களா? நகைக் கடன் பெரும்பாலும் ஒரு வருடத்தில் திருப்புவதற்கானது. நான்கு வருடப் படிப்புக்கு அதை எடுத்தால் வருடா வருடம் வட்டி கட்டி மாற்றி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 18 பவுனும் பெட்டியில் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை அந்த 25,000-ஐக் கட்டாதீர்கள். அது பல்கலைக்கழகத்துக்குப் போகும் பணம் என்றால் பல்கலைக்கழகக் கணக்கு எண்ணும் ரசீதும் கொடுங்கள் என்று கேளுங்கள். ஏஜென்ட் கணக்குக்கு என்றால் போனை வைத்துவிடுங்கள். அந்த வாரக் கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு திருச்சூருக்கு ஒரு முறை போய்வாருங்கள். அங்கே படிக்கும் பெண் பிள்ளைகளிடம் விடுதி, ஒத்திகை நேரம், மாதச் செலவு மூன்றையும் நீங்களே நேரில் கேளுங்கள். நான் போட்ட 10,000 போதவில்லை என்றால் எழுதுங்கள், கணக்கை மறுபடியும் போட்டுத் தருகிறேன்.